கேட்காமல் எடுத்த தட்டு

படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் கதவருகிலிருந்தே கண்டுபிடித்துவிடுகிற ஓட்டல் சூப்பர்வைசருக்கு, சொந்த வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கும் பதினாறு வயதுப் பெண்ணின் மனசில் என்ன ஓடுகிறதென்று எட்டு மாதமாகப் பிடிபடவில்லை. எட்டு மாதம் என்றால், சூப்பர்வைசருக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். நாற்பத்திரண்டு வயதில் நடந்த கல்யாணம். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். முதல் மனைவி காலமாகி நான்கு வருஷம். அந்த முதல் மனைவியின் மகள்தான் இந்தப் பெண். அப்பா அவளை ‘வாலு’ என்று கூப்பிடுவார்.

பெயருக்குத்தான் வாலு. சூப்பர்வைசரிடம் அவள் ஒரு சேட்டையும் செய்ததில்லை. “சாப்பிட்டீங்களா சித்தி”, “தேங்க்ஸ் சித்தி”, “பரவாயில்ல சித்தி, நானே எடுத்துக்கறேன்.” அடேயப்பா, என்ன மரியாதை, என்ன அடக்கம்! இப்படி ஒரு பிள்ளை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டுமென்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த மரியாதையைக் கேட்கும்போதெல்லாம் சூப்பர்வைசர் ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

இதற்கு நடுவில்தான் வெளியூரிலிருந்து அத்தையின் போன் வந்தது. அத்தை என்றால் மெக்கானிக்கின் அக்கா. வாலுவுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, அடுத்த இரண்டு வருஷப் படிப்பைத் தன் வீட்டில் இருந்து படிக்கட்டும், மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது என்றாள். “வெள்ளிக்கிழமைக்குள்ள வர்றியா இல்லையான்னு சொல்லிடு கண்ணு, இங்க ஸ்கூல்ல சொல்லி வைக்கணும்.” மெக்கானிக் வழக்கம்போல, “அவ இஷ்டம்” என்று கழன்றுகொண்டார். வாலு யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். சூப்பர்வைசருக்கு அந்தப் பெண் போகக் கூடாது. அவ்வளவுதான். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது, போகக் கூடாது. ஆனால் போகாதே என்று சொல்ல எந்த உரிமையில் வாயைத் திறப்பது?

திங்கட்கிழமை ஓட்டலில் காலை ஷிஃப்ட் முடித்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தபோது வாலு ஹாலில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். எப்போதும் அதே விளையாட்டுதான். வாலு பிறப்பதற்கு முன்பே வந்த விளையாட்டு. திரையில் சாம்பல் நிற மலை, மூட்டம், சேறு, தூரத்தில் ஒரு கல் கோபுரம். அந்த மூட்டத்துக்குள் ஒரு ஆள் நடந்துகொண்டே இருப்பான். இந்த வீட்டில் இருப்பதைவிட அதிக நேரம் இந்தப் பெண் அங்கேதான் இருக்கிறாள் என்று சூப்பர்வைசருக்குத் தோன்றியது. அப்படி என்னதான் அங்கே கொட்டிக் கிடக்கிறது?

“நானும் கொஞ்சம் ஆடிப் பாக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டாள்.

வாலு திரும்பிப் பார்த்தாள். எட்டு மாதத்தில் அந்த முகத்தில் முதல்முறையாக நிஜமான ஆச்சரியம் வந்தது. “நீங்களா? இது ரொம்பப் பழசு சித்தி. பொறுமை போயிடும்.”

“நூத்தி இருபது ரூமுக்குத் தலையணை உறை எண்ணறவ நான். என் பொறுமை உனக்குத் தெரியாது.”

முதலில் ஆளை உருவாக்க வேண்டும். பன்னிரண்டு முகங்கள் இருந்தன. பன்னிரண்டும் நன்றாகத் தூங்கி ஒரு வாரம் ஆன முகங்கள். சூப்பர்வைசர் ஆமை முகமுள்ள ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தாள். “எங்க ஜெனரல் மேனேஜர் மாதிரியே இருக்கா. பாவம், இருந்துட்டுப் போகட்டும்” என்றாள். ஆமைக்காரி ஒரு படகிலிருந்து இறங்கினாள், நடந்தாள். நடந்தாள் என்றால் என்ன நடை அது!

“என்ன இவ, இடுப்பு பிடிச்சவ மாதிரி நடக்கறா?”

“ஆரம்பத்துல அப்படித்தான். ஓடி ஓடித்தான் ஓட்டம் வரும்.”

“சரி, எங்க போகணும்? அம்பு எங்க?”

ஓட்டல் ஓய்வறையில் பையன்கள் போனில் ஆடுகிற விளையாட்டுகளை அவள் பார்த்திருக்கிறாள். எங்கே போகவேண்டுமென்று மஞ்சள் அம்பு காட்டும், யாரைப் பார்க்கவேண்டுமோ அவர் தலைமேல் விளக்கு எரியும். இங்கே ஒன்றையும் காணோம்.

“அம்பெல்லாம் கிடையாது சித்தி. படகுக்காரன் வழி சொன்னானே, படிக்கலையா?”

படிக்கவில்லைதான். திரும்பப் போய்க் கேட்டாள். பாலத்தைத் தாண்டு, ஓடையை விட்டுவிடாதே, இரட்டைப் பாறை வந்ததும் மேற்கே திரும்பு என்று அவன் சொன்னான். சூப்பர்வைசர் கைப்பையிலிருந்து டியூட்டி நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். பாலம் வந்தது, ஓடை வந்தது, இரட்டைப் பாறையும் வந்தது. ஆகா, எவ்வளவு சந்தோஷம்! யாரும் கையைப் பிடித்துக் கூட்டிப்போகாமல் தானே கண்டுபிடித்த பாறை. மேற்கே திரும்பினாள். சேறுதான் இருந்தது. கால் மணி நேரம் சேற்றிலேயே சுற்றினாள்.

“அவன் சொல்றது தப்பு சித்தி. கிழக்குல திரும்பணும். கேம் செஞ்சவங்க தப்பா எழுதிட்டாங்க.”

“திருத்த மாட்டாங்களா?”

“யாரு திருத்துவா? இத்தனை வருஷமா அவன் எல்லாருக்கும் தப்பாத்தான் சொல்லிட்டிருக்கான்.”

“எங்க ரிசப்ஷன்லயும் ஒருத்தன் இருக்கான், இவனுக்கு அண்ணன்” என்றாள் சூப்பர்வைசர். வாலு களுக்கென்று சிரித்துவிட்டு, சிரித்ததற்கு வெட்கப்பட்டது மாதிரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்புறம் ஒரு எலி வந்தது. பூனை அளவு எலி. ஆமைக்காரி கத்தியை வீசினாள். கத்தி எலியின் உடம்புக்குள் புகுந்து வெளியே வந்தது. எலி பாட்டுக்கு இவள் காலைக் கடித்துக்கொண்டிருந்தது.

“பட்டுச்சே! என் கண்ணால பாத்தேனே!”

“பாத்தா போதாது. உள்ள பகடை மாதிரி ஒண்ணு உருளும். உங்களுக்குக் கத்தி வீசவே தெரியாது, அதோட ஓடி வந்ததுல மூச்சு வேற வாங்குது. அதான் படல.”

இப்படி நியாயமான ஒரு விளையாட்டை சூப்பர்வைசர் எதிர்பார்க்கவில்லை. வேலை தெரியாதவள் வீசினால் படாது, களைத்தவள் வீசினால் படாது. உண்மைதானே! யோசித்துக்கொண்டிருந்தபோதே எலி கடித்து ஆமைக்காரி செத்துப்போனாள். மறுபடி படகு. பாலமும் போச்சு, பாறையும் போச்சு. இது தானாக எதையும் சேமிக்காது, நாம்தான் அவ்வப்போது சேவ் பண்ண வேண்டுமாம். “முன்னாடியே சொல்லக் கூடாதா?” என்று கேட்டதற்கு, “ஒருதடவை செத்தாத்தான் சித்தி மறக்காது” என்றாள் வாலு.

செவ்வாய்க்கிழமை ஓட்டலில் வேலை ஓடவே இல்லை. அந்தக் கோபுரத்துக்குள் யார் இருப்பார்கள், கிழக்கே திரும்பினால் என்ன வரும் என்பதே மண்டைக்குள். மூன்று மணிக்கு வந்து, முகம் கழுவிய கையோடு உட்கார்ந்தாள். கிழக்கே திரும்பினால் ஒரு கிராமம் வந்தது. முதல் வீட்டுக் கதவைத் தள்ளினாள். உள்ளே ஒரு கிழவர் நின்றுகொண்டிருந்தார். மேசை, அலமாரி, பானைகள், ஒரு படுக்கை. தரையில் இரண்டு தட்டும் ஒரு குவளையும் கவிழ்ந்து கிடந்தன.

வேறு யாராக இருந்தாலும் தாண்டிப் போயிருப்பார்கள். இருபது வருஷம் மற்றவர்கள் போட்டுப்போனதை எடுத்துவைத்த கை சும்மா இருக்குமா? தட்டை எடுத்து மேசைமேல் வைக்கலாமென்று குனிந்து எடுத்தாள். அவ்வளவுதான், கிழவர் “திருடி! திருடி!” என்று கத்த, எங்கிருந்தோ கவசம் போட்ட காவலாளி ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டான்.

“அட கடவுளே! நான் எடுத்து அடுக்கத்தானேடா எடுத்தேன்!” என்று திரையைப் பார்த்துக் கத்தினாள் சூப்பர்வைசர்.

வாலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். “யாரு சித்தி இந்த கேம்ல தட்டை எடுத்து அடுக்குவா? உங்களைத் தவிர வேற யாரும் இப்படி ஜெயிலுக்குப் போயிருக்க மாட்டாங்க!”

“திருப்பி வெச்சிடறேன். வெச்சா விட்டுடுவானா?”

“விடமாட்டான். கேக்காம எடுத்தா திருட்டுதான். எதுக்கு எடுத்தீங்கன்னு அதுக்குக் கணக்கில்ல.” சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. வாலு திரையையே பார்த்துக்கொண்டு, “நல்லதுக்கு எடுத்தாலும்தான்” என்றாள்.

ஆமைக்காரி மூன்று நாள் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தாள். விளையாட்டில் அது முடிந்துபோன விஷயம். ஆனால் சூப்பர்வைசருக்கு அந்தக் கடைசி வார்த்தை நெஞ்சில் குத்தி நின்றுவிட்டது. கல்யாணமான முதல் வாரம் அவள் செய்த முதல் காரியம் இந்த வீட்டுச் சமையலறையை அடுக்கியதுதான். ஆள் ஆளுக்கு இழுத்துப் போட்ட அலமாரி, எட்டாத உயரத்தில் டப்பாக்கள், ஜன்னலடியில் என்னென்னவோ. ஒரே நாளில் எல்லாவற்றையும் இறக்கி, துடைத்து, பெயர் ஒட்டி, ஓட்டல் ஸ்டோர் ரூம் மாதிரி ஆக்கிவிட்டாள். வாலு வாசல்படியில் நின்று பார்த்தாள். “நல்லாருக்கு சித்தி” என்றாள். அன்றைக்கு அந்த வார்த்தையில் சூப்பர்வைசர் குளிர்ந்துபோயிருந்தாள். இப்போது நினைத்தால் உடம்பு கூசியது.

புதன்கிழமை அவள் ஆமைக்காரியைத் தொடவில்லை. “உன் ஆளு எங்க இருக்கான்? நான் பாக்கலாமா? வேண்டாம்னா வேண்டாம்” என்று கேட்டாள்.

வாலு மவுஸை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். பிறகு தன்னுடைய ஆட்டத்தைத் திறந்தாள். ஏரிக்கரையில் ஒரு சின்ன வீடு. இந்த உலகத்தில் ஒரு விசேஷம் உண்டு: எந்தப் பொருளை எங்கே போட்டாலும் அது அங்கேயே கிடக்கும், ஒரு வருஷம் கழித்து வந்தாலும் யாரும் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு கிண்ணத்தை அலமாரியில் நேராக உட்காரவைப்பதற்குள் உயிர் போய்விடும். போட்டால் உருளும், எடுத்துத் திரும்பப் போட வேண்டும். அப்படி உருட்டி உருட்டி அந்த வீட்டின் உள்ளறையில் ஒரு சுவர் முழுக்கச் சாமான் அடுக்கியிருந்தாள் வாலு.

மேல் தட்டில் ஏழு ஜாடி, மூன்றாவது மட்டும் குட்டை. தட்டுகள் சுவரைப் பார்த்தபடி. கரண்டிகள் இடப்பக்கம், பெரியது கடைசியில். மூலையில் மூடி இல்லாத நீல டப்பா. சூப்பர்வைசர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். இந்த உலகத்தில் இந்த அடுக்கைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்ளக்கூடியவர்கள் இரண்டே பேர்தான். ஒருத்தி இதை ஞாபகத்தில் வைத்திருந்தவள். இன்னொருத்தி தன் கையால் கலைத்தவள்.

“இது நம்ம கிச்சன்” என்றாள்.

“அம்மாவோட கிச்சன்” என்றாள் வாலு. குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஜன்னலடியில் ஒரு இடம் மட்டும் காலியாக இருந்தது. அங்கே என்ன என்று கேட்டாள் சூப்பர்வைசர்.

“தெரியல. ஏதோ ஒண்ணு இருந்துச்சு. அம்மா உள்ள வந்ததும் முதல்ல அங்கதான் கை வைப்பாங்க. கை வைக்கறது ஞாபகம் இருக்கு, என்னன்னு ஞாபகம் இல்ல.” வாலு கீபோர்டைத் தள்ளிவைத்தாள். “முன்னாடி ஞாபகம் இருந்துச்சு. நெஜ கிச்சன்ல பாத்துட்டே இருந்தப்ப.”

வியாழக்கிழமை பன்னிரண்டாவது மாடி அறை ஒன்றில் நின்றுகொண்டு, விருந்தாளி பரப்பிப் போட்டிருந்த மேசையை சூப்பர்வைசர் போனில் படம் எடுத்தாள். கை வைப்பதற்கு முன்னால் படம் எடுப்பது அந்த வேலையில் சட்டம். நாளைக்கு ஒரு பொருள் இடம் மாறியதாக யாராவது சொன்னால் பதில் சொல்ல வேண்டுமே. எடுத்த கையோடு அப்படியே நின்றுவிட்டாள். எட்டு மாதத்துக்கு முன் அந்தச் சமையலறையிலும் கை வைப்பதற்கு முன்னால் அவள் இதைச் செய்திருந்தாள். யாரும் சொல்லவில்லை, பழக்கம். அங்கேயே கட்டிலோரம் நின்று போனில் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனாள். இருந்தன. பதினொரு படங்கள். ஜன்னலடியில், அந்தக் காலி இடத்தில், ஒரு பழுப்பு நிற மூக்குக்கண்ணாடிக் கூடு.

அது எங்கே போயிற்று என்றும் அவளுக்குத் தெரியும். பீரோ மேலே இருக்கிற அட்டைப்பெட்டியில். வீட்டுக்கு ஓடிவந்து ஸ்டூல் போட்டு இறக்கினாள். பெட்டியின் மேல் அவளுடைய அழகான கையெழுத்தில் ‘சமையலறை – இதர’ என்று எழுதியிருந்தது.

அன்று வாலு சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். முதலில் வந்தது மெக்கானிக்தான். படங்களையும் பெட்டியையும் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “இங்க பாரு சூப்பர்வைசரம்மா, நாளைக்கு வெள்ளிக்கிழமை. இப்பப் போயி இதைக் காட்டி அவ மனசைக் கலைக்காதே. அக்காகிட்ட பதில் சொல்லி முடியட்டும். அப்புறம் சாவகாசமா காட்டு.”

சொல்வதில் தப்பில்லை. ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இந்த மூன்று நாளாகப் பெண் சிரிக்கிறாள், பேசுகிறாள். இருக்கிறேன் என்று சொன்னாலும் சொல்லிவிடுவாள். பெட்டியைத் திறந்துகாட்டினால் அந்த நிமிஷமே துணிமணி எடுத்துவைக்கத் தொடங்கினாலும் தொடங்குவாள். சூப்பர்வைசர் பெட்டியைத் தூக்கித் திரும்ப பீரோ மேல் வைக்கக்கூடப் போனாள். ஸ்டூலில் ஏறியவள் இறங்கிவிட்டாள்.

“தெரியாம எடுத்தது ஒண்ணு. தெரிஞ்சே ஒளிக்கறது வேற. என்னால ஆகாதுங்க” என்றாள்.

ஆறரை மணிக்கு வாலு வந்தாள். சூப்பர்வைசர் சுற்றி வளைக்கவில்லை. போனைக் கையில் கொடுத்தாள், பெட்டியை முன்னால் நகர்த்தினாள். வாலு ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். ஜன்னலடிப் படத்தில் விரல் நின்றது. பெட்டிக்குள் கைவிட்டுக் கூட்டை எடுத்தாள். திறந்தாள். உள்ளே கண்ணாடி இருந்தது. ஒரு பக்கம் நூல் சுற்றிய கண்ணாடி. பிறகு பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படித்தாள்.

“இதரவா?” என்றாள். “எங்கம்மா கண்ணாடி உங்களுக்கு இதரவா?”

சூப்பர்வைசர் அந்த எழுத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தாள்.

“எட்டு மாசமா இது பீரோ மேல இருந்துச்சா? இந்தப் போட்டோ உங்க போன்ல இருந்துச்சா? நான் அங்க ஒவ்வொரு ஜாடியா உருட்டி உருட்டி ஞாபகப்படுத்திட்டு இருக்கேன், நீங்க போன்ல வெச்சுக்கிட்டு வேலைக்குப் போயிட்டு வந்திருக்கீங்க! யாரைக் கேட்டுத் தொட்டீங்க? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களா?” வீடே அதிர்ந்தது. மெக்கானிக் ஹால் சுவரோரம் ஒண்டிக்கொண்டார். வாலு கூட்டையும் போனையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள்.

“சொன்னேன்ல?” என்றார் மெக்கானிக் மெல்ல.

சூப்பர்வைசர் தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகையோடு அழுகையாக அவளுக்கு இன்னொன்றும் புரிந்தது. ஓட்டலில் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிற விருந்தாளி அடுத்த மாதம் அதே அறையைக் கேட்டு வந்து நிற்பான். எல்லாம் நன்றாக இருந்தது என்று சிரித்துவிட்டுப் போகிறவன்தான் திரும்பி வரவே மாட்டான். எட்டு மாதமாகச் சிரித்துக்கொண்டிருந்த பெண் இன்றைக்குத்தான் கத்தியிருக்கிறாள். அதை நம்பலாமா என்று தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்த மற்ற சாமான்களைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரைமணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. வாலுவின் முகம் வீங்கியிருந்தது. போனை நீட்டினாள்.

“கரண்டி இருக்கற போட்டோ பாதி வெட்டுப்பட்டிருக்கு. வேற எடுத்தீங்களா?”

“இல்லம்மா. அது ஒண்ணுதான்.”

“ஒழுங்கா எடுக்கத் தெரியாதா?”

“அன்னிக்குத் தெரியல.”

வாலு பெட்டிக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பெட்டிக்குள் கைவிட்டு எதையெதையோ எடுத்துப் பார்த்தாள், வைத்தாள். பிறகு தலை நிமிராமலே, “அத்தைக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லிடுங்க” என்றாள்.

சூப்பர்வைசர் பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். “என்னன்னு?”

“வரலன்னு. நான் சொன்னா அழுவாங்க. அவங்க அழுதா எனக்குத் தாங்காது.”

“எனக்கு மட்டும் தாங்குமா? உங்க அத்தை போனை எடுத்தா லேசுல வைக்கமாட்டாங்களே!”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீங்கதான் பேசணும்.”

மெக்கானிக் நம்பரைப் போட்டுக் கையில் திணித்துவிட்டு நைசாக வெளியே நழுவினார். மணி அடித்தது. அந்தப் பக்கம் எடுத்து, “யாரு, என் செல்லக்கண்ணா? என்ன முடிவு பண்ணே?” என்ற குரல் கேட்டது. தான் இங்கே இல்லவே இல்லை என்று வாலு இரண்டு கையையும் வேகவேகமாக ஆட்டினாள். சூப்பர்வைசர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “நான்தான் பேசறேன் அண்ணி” என்றாள்.